ஜேக்கப் காலியரை எதிலிருந்து தொடங்குவது? கொடைக்கானல் கூட்டத்துக்கு என் கட்சி

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஜேக்கப் காலியர்தான் என்று ஒருவழியாக முடிவாகிவிட்டது. ஆனால் அவருடைய எந்தப் பாட்டைப் போடுவது என்பதில் நாயுடுபுரத்து மாடி ரெண்டுபட்டுக் கிடக்கிறது. சீசன் ஓய்ந்து, ஏரிச் சாலையில் கூட்டம் குறைந்து, மழையும் மூடுபனியும் மாறி மாறி வருகிற மாதங்களில் நாங்கள் சிலர் கூடிப் பாட்டுக் கேட்பது வழக்கம்: சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அண்ணன், மிருதங்கம் கற்றுக்கொடுக்கும் சார், பாம்பார்புரத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா, பூம்பாறையிலிருந்து பைக்கில் வந்து சேரும் தம்பி (லேப்டாப்பிலேயே பீட் போடுகிறவன்), அப்புறம் நான். இந்த முறை புதிதாகச் சிலரும் வருகிறார்கள், காலியர் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள். முதல் பாட்டிலேயே அவர்கள் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டால் அன்றைய சாயங்காலம் போச்சு. வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜில் கத்திக்கொண்டிருப்பதைவிட, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து என் கட்சியை எழுதிவைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பூர்வீகம். லண்டன்காரர், 1994-இல் பிறந்தவர். அம்மா சூசி காலியர் வயலின் கலைஞர், ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சொல்லிக்கொடுப்பவர். தாத்தா டெரெக் காலியரும் வயலின்காரர். வீட்டில் இருந்த இசை அறையிலேயே உட்கார்ந்து பியானோ, பேஸ், டிரம்ஸ், கிட்டார் எல்லாவற்றையும் தானே வாசித்து, தன் குரலையே திரும்பத் திரும்பப் பதிவு செய்து அடுக்கி யூடியூபில் போட்டுக்கொண்டிருந்த பையன். 2013-இல் ஸ்டீவி வொண்டரின் பாட்டு ஒன்றை இப்படிச் செய்து போட்டார், அது பரவிப் பரவி அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் காது வரைக்கும் போனது, அதற்கப்புறம் ஏறுமுகம்தான். 2016-இல் முதல் ஆல்பம், 2017-இல் அதிலிருந்தே இரண்டு கிராமி, பிறகு 2018 முதல் 2024 வரை 'ஜெஸ்ஸி' என்ற பெயரில் நான்கு பாகங்கள்.

இவ்வளவு விருதுக்குப் பிறகும் இவரைப் பற்றி உலகம் முழுக்க ஒரே சண்டைதான், நம் மாடியிலும் அதேதான். பிடித்தவர்களுக்கு இவர் ஒரு அதிசயம். இப்படி ஒரு காதும் கையும் ஒரே ஆளிடம் சேர்ந்து எங்கே பார்த்தோம் என்பார்கள். பிடிக்காதவர்கள் சொல்வதை சபாக்காரர்கள் பாஷையில் சொன்னால், கணக்கு இருக்கிறது, சௌக்கியம் இல்லை. ஆர்கன் அண்ணன் இந்தக் கட்சி. எட்டு அட்சரத்துக்குள் எட்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மாறினால் எந்த கார்டுக்காக நான் சந்தோஷப்படுவது என்று கேட்பார். அக்கா இன்னும் சுருக்கமாக, "எல்லாம் சரி, பாட்டு எங்கே?" என்றார். தம்பிக்கு இவர் கடவுள். மிருதங்க சார் எதிர்பாராத விதமாகத் தம்பி பக்கம், காரணம் பிறகு சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் ரெண்டு கட்சியும் சொல்வது உண்மை, ஆனால் வேறு வேறு பாட்டுகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள். இந்த மனிதரால் எதையும் செய்ய முடியும் என்பதே இவருடைய கஷ்டம். தனியாக விட்டால் "போதும்" என்று சொல்ல ஆள் இல்லை. எதிரே ஏதாவது ஒன்று உறுதியாக நின்றால், அது ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய மெட்டாக இருக்கலாம், தன் இஷ்டத்துக்கு வளையாத ஒரு பேண்டாக இருக்கலாம், பாடத் தெரியாத ஆயிரம் தொண்டைகளாக இருக்கலாம், அப்போது இவர் எழுதுவதில் ஒரு அடக்கம் வந்துவிடுகிறது, வித்தையும் குறைவதில்லை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் கீழே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

தம்பி சொல்வது அந்தப் பழைய யூடியூப் வீடியோக்களிலிருந்து தொடங்கலாம் என்று. திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு காலியர், ஒருவர் பேஸ், ஒருவர் தாளம், ஆறு பேர் பாட்டு. இசை கற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது, எந்தக் குரல் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். புதியவர்களுக்கு அதுதான் வினை. கண் தலைகளை எண்ணத் தொடங்கிவிடும், காது வேலை செய்யாது. பாட்டு முடிந்ததும் "ஒரே ஆளா இவ்வளவும்?" என்று கேட்பார்கள், மெட்டு என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. முதலில் வேண்டாம், கடைசியில் போடலாம். ஏற்கெனவே பிடித்துப்போனவர்களுக்கு அது விருந்து.

முதல் ஆல்பம் 'இன் மை ரூம்'. எல்லா வாத்தியமும் குரலும் ஏற்பாடும் (எது எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்று அமைப்பதும்) அவரே, அந்த அறையிலேயே செய்தது. சாதனை என்ற வகையில் மரியாதை உண்டு. ஆனால் முழுசாக ஓடவிட்டால் பாதியில் ஒரு மூச்சுமுட்டல் வருகிறது, எல்லாக் குரலும் ஒரே ஆளின் குரல் என்பதால் எதிர்க்குரலே கிடையாது. அதில் ஸ்டீவி வொண்டரின் 'யூ அண்ட் ஐ' மட்டும் எடுத்துக் கேளுங்கள், வாத்தியம் இல்லாமல் வெறும் குரல்களாலேயே செய்தது, ஏற்பாட்டுக்காகக் கிராமி வாங்கியதில் அதுவும் ஒன்று. மெட்டு பெரியது, அதனால் இவர் அதற்குக் கட்டுப்படுகிறார். ஆல்பமாக வேண்டாம், அந்த ஒரு பாட்டு என்றால் சரி.

'ஜெஸ்ஸி' நான்கு பாகங்களில் எது என்பதில்தான் உண்மையான அடிதடி.

முதல் பாகத்தில் நெதர்லாந்தின் மெட்ரோபோல் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது, வாத்தியமில்லாமல் பாடும் டேக் 6 குழு வருகிறது, பிரம்மாண்டம். மிருதங்க சாருக்கு இதுதான் பிடித்தது. அவர் காலியரை ரசிப்பதே தாளத்துக்காக. சாதாரண ஸ்விங்கில் ஒரு அடியை மூன்றாகப் பிரித்து இரண்டும் ஒன்றுமாகச் சாய்ப்பார்கள் இல்லையா, காலியர் சில இடங்களில் ஐந்தாகப் பிரித்து மூன்றும் இரண்டுமாகச் சாய்க்கிறார். சார் அதைத் தொடையில் தட்டிக் காட்டினார், தகதகிட, தகதகிட என்று. அதில் 'தக' ஒரு பக்கம், 'தகிட' ஒரு பக்கம், எங்கே சாய்கிறது என்பதைக் கவனி, கண்ட நடையை இவன் நடக்கவிடாமல் நொண்ட விடுகிறான், அதுதான் அழகு என்றார். அவர் சொன்ன பிறகு எனக்கும் அது கேட்கிறது. ஆனால் சார் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் காட்டினால்தான் கேட்கிறது என்றால், புதியவர்களுக்கு அது முதல் பாட்டு ஆகாது.

இரண்டாம் பாகம், 2019. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். சத்தம் தணிந்து, கிட்டாரும் குரலுமாக, ஊமு சங்காரே போன்ற மாலி நாட்டுப் பாடகியும் சாம் ஆமிடன் போன்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகரும் வந்து தங்கள் பாணியிலேயே நின்று பாட, இவர் சுற்றி வந்து இடம் பார்த்து வாசிக்கிறார். இதில்தான் 'மூன் ரிவர்' இருக்கிறது. 1961-இல் ஹென்றி மான்சினி போட்ட மெட்டு, உலகமே முணுமுணுத்தது. தொடக்கத்தில் ஏகப்பட்ட நண்பர்கள், இசைக்காரர்கள் ஆளுக்கு ஒரு குரல் கொடுக்கிறார்கள், பிறகு காலியரின் குரல்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. நீளமான பாட்டு. ஆனால் மெட்டை எங்கேயும் கைவிடவில்லை, எவ்வளவு கார்டு மாறினாலும் மேல் குரலில் அது நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. "பாட்டு எங்கே?" என்று கேட்ட அக்கா இதற்கு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் பாகத்தைப் பற்றித் தம்பிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் நிலை. 2020-இல் வந்தது, மற்ற பாகங்களைவிட கம்ப்யூட்டர் சத்தம் அதிகம், ஆர் அண்ட் பி பக்கம் சாய்ந்தது, அடுத்த ஆண்டு கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டபோது "யார் இவர்?" என்று கேட்டவர்கள் ஏராளம் (விருது டெய்லர் ஸ்விஃப்டுக்குப் போனது). பந்தியில் இலையில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த ஐட்டத்தை வைத்துக்கொண்டே போகிற உறவுக்காரர் ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் உண்டே, அவர் செய்த ஆல்பம் இது. தம்பி இதை ஹெட்போனில் கேட்கச் சொல்கிறான். ஹெட்போனில் நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு சத்தமும் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். 'ஹி வோன்ட் ஹோல்ட் யூ' மட்டும் வேறு ஜாதி, அமைதியான பாட்டு, அதற்குத்தான் கிராமியும் கொடுத்தார்கள். ஆனால் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்கிற அறையில், ஒற்றை ஸ்பீக்கரில், மூன்றாம் பாகம் கூச்சல்தான்.

நான்காம் பாகம் 2024-இல் வந்தது. பெரிய பெரிய பெயர்கள், பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு பாணி, ஒரு பாட்டில் கோஸ்பெல், இன்னொன்றில் கொரியன் பாப். இதுவும் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பரிந்துரை வரை போனது. நமக்கு இதில் கொக்கி, சிதார் வாசிக்கும் அனௌஷ்கா சங்கரும் பெங்களூரு வரிஜாஸ்ரீ வேணுகோபாலும் வருகிற பாட்டு. வரிஜாஸ்ரீ கர்நாடக இசையில் பழகிய குரல், கமகம் தானாக வருகிறது. "நம்ம ஆள் இருக்காங்க, அதையே முதல்ல போடுங்க" என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் இஷ்டமில்லை. நம்ம ஆள் இருப்பதற்காகக் கைதட்டுவது வேறு, பாட்டுக்காகக் கைதட்டுவது வேறு, முதல் பாட்டிலேயே ரெண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். நடுவில் வரட்டும்.

ஆல்பத்துக்கு வெளியே இருக்கிற மூன்று விஷயங்கள்தான் என் கணக்கில் முக்கியமானவை.

ஒன்று, 'இன் தி ப்ளீக் மிட்விண்டர்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டு. மெட்டு ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டுடையது, இங்கே சர்ச் குழுவில் பாடியவர்களுக்கெல்லாம் தெரியும். 2016-இல் காலியர் தன் குரல்களாலேயே இதைச் செய்தார். நம் பாஷையில் சொன்னால் மூன்று கட்டையில் தொடங்குகிறது, கடைசிச் சரணத்துக்குப் போகிற வழியில் ஒவ்வொரு கார்டிலும் ஒரு மயிரிழை சுருதியை ஏற்றி ஏற்றி, ஐந்தேகால் கட்டையில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஐந்தும் இல்லை, ஐந்தரையும் இல்லை. அண்ணன் நம்பவில்லை, கீபோர்டை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து கட்டையை அழுத்தினார், பாட்டு அதற்கு மேலே நின்றது. பக்கத்துக் கறுப்புக் கட்டையை அழுத்தினார், பாட்டு அதற்குக் கீழே நின்றது. நடுவில் கட்டையே கிடையாது. தம்புரா ஒரே இடத்தில் நிற்க, அதன்மேல் எல்லாவற்றையும் கட்டுவது நம் வழக்கம். இவர் தம்புராவையே தூக்கிக்கொண்டு நடக்கிறார். சுருதி நகர்ந்ததை அறையில் இருந்த பலர் கவனிக்கவே இல்லை, ஏதோ வெளிச்சமானது போல இருந்தது என்றார்கள். கவனிக்க முடியாத வித்தை எதற்கு என்று அண்ணன் கேட்கிறார். கவனிக்கவிடாமல் செய்ததுதான் வித்தை என்பது என் பதில், நாங்கள் இன்னும் இதில் ஒத்துவரவில்லை. ஆனால் ஒன்று, இதைப் பார்த்துவிட்டு டிசம்பரில் நம் சர்ச் குழுவும் பாடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், ஆர்கன் உங்களோடு கால் கட்டை ஏறி வராது.

இரண்டாவது, ஸ்னார்க்கி பப்பி. மைக்கேல் லீகின் அமெரிக்க பேண்ட், இவர்களுடைய 'ஃபேமிலி டின்னர்' இரண்டாம் தொகுதி 2016-இல் வந்தது, நியூ ஆர்லியன்ஸில் பதிவானது, கேட்க வந்தவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பவர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அதில் 'டோன்ட் யூ நோ' பாட்டில் காலியர் பியானோவும் பாட்டும். காலியரின் முதல் ஆல்பமே அப்போது வரவில்லை. "இவர் ஜாஸே இல்லை, சாஃப்ட்வேர்" என்கிறவர்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்ட வேண்டும். சுற்றிலும் தேர்ந்த கைகள், டிரம்ஸ்காரர் ஒரு இடத்தில் இறுக்கினால் இவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும், பிறகு அதே இறுக்கத்தின் மேலேயே ஏறி வாசிக்கிறார். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். முன்னால் சொன்ன கட்டம் கட்டமான வீடியோவில் அந்தச் சிரிப்பு வராது, பார்க்க வேறு ஆளே இல்லை.

மூன்றாவது, அவருடைய கச்சேரிகளில் நடக்கும் கூட்டப் பாட்டு. மண்டபத்தை மூன்று பகுதியாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஸ்வரம் கொடுக்கிறார், வார்த்தை கிடையாது, வெறும் அகாரம். பிறகு ஒரு பக்கம் பார்த்துக் கையை மேலே காட்டினால் அந்தப் பகுதி ஒரு படி ஏற வேண்டும், கீழே காட்டினால் ஒரு படி இறங்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஏறுகிற படி எது என்று யாரும் சொல்லித்தருவதில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள், மூன்று பகுதியும் சேர்ந்து கார்டு கார்டாக மாறுகிறது. நான்காம் பாகத்தின் முதல் பாட்டே இப்படிக் கச்சேரிகளில் பதிவு செய்த குரல்களை வைத்துச் செய்ததுதான். இதை எதிர்ப்பவர்களும் உண்டு, வெறும் மேடைத் தந்திரம் என்பார்கள். இருக்கட்டும். வித்தைக்காரர் தன் வித்தையை முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு, பாடத் தெரியாதவர் பாடும் அளவுக்கு அதைச் சின்னதாக்கிக் கொடுக்கிறார். 2018-இல் ஒரு வீடியோவில் ஒரு குழந்தையிலிருந்து ஜாஸ் பியானோ மேதை ஹெர்பி ஹான்காக் வரை ஐந்து பேருக்கு ஹார்மனி என்றால் என்ன என்று அவரவர் மட்டத்தில் விளக்கியிருப்பார், அதே குணம்தான் இங்கேயும்.

இன்னொரு கட்சியும் உண்டு: காலியரே வேண்டாம், நம்ம சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரத்தைப் போடுங்கள் என்பது. 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் வென்றவர், பதின்மூன்று வயதில். வேகத்தை நிமிடத்துக்கு 325 அடி வரை ஏற்றி அங்கே பியானோ வாசித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். இவரும் பல வாத்தியம் வாசிக்கிறவர். இவரைப் பற்றியும் அதே பேச்சுதான், வேகம் சரி, ரசம் எங்கே என்று. ஒரே இரவில் ரெண்டு பேரையும் வைத்தால் சாயங்காலம் முழுக்க யார் பெரியவர் என்ற பட்டிமன்றமாகிவிடும், நடுவராக உட்கார எனக்குப் பொறுமை இல்லை. அவருக்கு என்று தனியாக ஒரு ஞாயிறு வைப்போம். ராஜா சார் பெயரை இழுத்தவர்களுக்கும் அதே பதில், நான்கு வரி ஒன்றாக ஓடினாலும் பல்லவி மனசில் நிற்கிறதே என்பது நியாயமான வாதம்தான், ஆனால் அவரை அளவுகோலாக வைத்தால் உலகத்தில் பாதிப் பேர் தேறமாட்டார்கள்.

அறையையும் பார்க்க வேண்டும். தகரக் கூரை, மழை வலுத்தால் மெல்லிய பாட்டு ஒன்றும் காதில் விழாது, 'மூன் ரிவர்' தொடக்கமெல்லாம் அம்போ. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் டிவியைத் தாங்காது, ஸ்பீக்கரை மட்டும் தாங்கும். அதனால் வீடியோ அவசியமான விஷயங்களைக் கரண்ட் இருக்கும்போதே முன்னால் தள்ளிவிட வேண்டும், அமைதியான பாட்டுகளை மழை விடுகிற நேரம் பார்த்துப் போட வேண்டும்.

ஆகவே என் வரிசை இது. முதலில் ஸ்னார்க்கி பப்பியோடு வாசித்த வீடியோ, அறை சூடாகும், சாரும் தலையாட்டுவார். உடனே ஒரு கூட்டப் பாட்டு வீடியோ, கூடவே அண்ணன் கீபோர்டில் மூன்று ஸ்வரம் கொடுக்க நாமும் மூன்று பக்கமாகப் பிரிந்து பாடிப் பார்க்கலாம், அக்கா பாடமாட்டேன் என்பார், நடுப் பகுதியில் உட்காரவைத்தால் பாடிவிடுவார். டீ. மழை விட்டதும் 'மூன் ரிவர்', அடுத்து வரிஜாஸ்ரீ பாட்டு, பிறகு அந்த ஐந்தேகால் கட்டைக் கிறிஸ்துமஸ் பாட்டு, முடிந்ததும் சண்டைக்கு நேரம் ஒதுக்கப்படும். முதல் பாகத்திலிருந்து ஒன்று வேண்டும் என்று சார் பிடிவாதமாக இருந்தால் அவரே பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தட்டிக் காட்டட்டும். மூன்றாம் பாகத்தைத் தம்பி ஹெட்போனோடு கொண்டுவரலாம், கேட்க ஆசைப்படுகிறவர்கள் வரிசையில் நிற்கட்டும்.

ஸ்பீக்கர் அண்ணன் கொண்டுவருகிறார். டிவிக்கான எச்டிஎம்ஐ வயர் மட்டும் யாராவது எடுத்து வாருங்கள், இங்கே இருந்தது பூம்பாறைக்குப் போய்விட்டது.